தேவானையின் சுவர்

கல்யாணத்துக்காகச் செய்துவைத்த நகைகளை விற்றுத்தான் தேவானை அந்த வீட்டை வாங்கினாள். கல்யாணம் நடக்காததால் நகை மிஞ்சியது, நகை மிஞ்சியதால் வீடு வந்தது. யார் கேட்டாலும் இதை அவளே சொல்வாள், ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில். கேட்டவர்கள்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இருந்த பழைய பங்களாவை இடித்துவிட்டு, கீழே இரண்டு மேலே இரண்டு என்று நாலு வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்று கட்டினார்கள். அறுபத்தெட்டாம் வருஷம். நிலத்தை விட்டுவிட்டு மாடி வீட்டை மட்டும் விலைக்கு வாங்கலாம் என்பதே அப்போது பலருக்குப் புதுச் செய்தி. தேவானையின் அண்ணன் வேலூரிலிருந்து வந்து பார்த்தார்.

"மனை எங்க?"

"நாலு பேருக்கும் பொது."

"மொட்டை மாடி?"

"அதுவும் பொது."

"அப்ப உனக்குன்னு என்னதான் இருக்கு?"

"சுவரு இருக்கு" என்றாள் தேவானை.

அண்ணன் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். காப்பி குடித்தார். வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நான் அந்தக் கட்டடத்தில் கீழ் முன்வீட்டில் குடியிருந்தேன். பெயர் ஜவஹர், பாண்டி பஜாரில் ஒரு காப்பித்தூள் கடையில் வேலை. குடியிருந்தேன் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். வீடு நல்லசிவம் அண்ணாச்சியுடையது. அவருக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை, கடைக்கு மேலேயே குடும்பம். வாடகைக்காரனான எனக்குக் கட்டடக் கூட்டங்களில் பேச உரிமை கிடையாது. நாற்காலி போடவும் எடுக்கவும் உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

எனக்குப் பின்வீடு வேதாந்தம் மாமாவுடையது. அரசாங்கக் கணக்கு ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தி.நகருக்குக் குடிவந்ததைக் கடல் தாண்டி வந்ததுபோலச் சொல்வார். அவர் மனைவிக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு மாமி. என் தலைக்கு மேலே ஷாஹுல் ஹமீது பாயும் அவர் மனைவி ஹாஜிரா பீயும். பாய்க்குப் பெரியமேட்டில் தோல் வியாபாரம், அதனால் அவர் வீட்டில் டெலிபோன் இருந்தது. கட்டடத்தில் இருந்த ஒரே டெலிபோன் அதுதான். மாமாவின் தலைக்கு மேலே தேவானை.

தேவானை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் லைனைக் கொடுத்து "பேசுங்க" என்பாள். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்பாள். பல வருஷம் இதையே சொல்லிச் சொல்லி, தேவானைக்கு எல்லாமே மூன்று மூன்று நிமிஷமாகிவிட்டது. பால்காரரோடு சண்டை மூன்று நிமிஷம். பிள்ளையாருக்கு மூன்று நிமிஷம். அவள் தங்கை ஒருமுறை மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து மடியில் விழுந்து அழுதாள். கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "இன்னும் அழணுமா?" என்று கேட்டாளாம் தேவானை. தங்கை ஆமாம் என்றாள். சரி என்று மறுபடியும் தடவிக்கொடுத்தாள். அவளைக் கல்மனசுக்காரி என்று சொன்னவர்கள் கதையின் முதல் பாதியை மட்டுமே கேட்டவர்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. டிரங்க் காலில் பி.பி. என்று ஒரு வகை. இன்ன நம்பரில் இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது. "வீட்டுல யாராச்சும் இருந்தா கூப்பிடுங்கன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க. பேரைச் சொல்லுங்க, குளிச்சிக்கிட்டு இருக்கறவங்ககூட ஓடி வருவாங்க" என்பாள். உலகத்தைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் மொத்தமும் இவ்வளவுதான்.

எழுபத்திரண்டில் ஒரு காக்கை எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் உட்கார்ந்து எழுந்து போயிற்று. மாமாவின் வீட்டுக் கூரை முடிந்து தேவானையின் வீட்டுத் தரை ஆரம்பிக்கிற இடம். அதன் எச்சத்தில் இருந்த விதை மழைத்தண்ணீர்க் குழாய் ஓரமாக இரண்டு இலை விட்டது. அது அரசங்கன்று என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை. பிடுங்குவதற்குத்தான் ஆள் இல்லை. மாமா அது மாடி வீட்டுச் சுவர் என்றார். தேவானை எட்டிப் பிடுங்கலாமென்றால் ஜன்னலிலிருந்து கை எட்டவில்லை. நான் வாடகைக்காரன்.

மாமிக்கு ஒரே பிள்ளை, பிலாய் இரும்பு ஆலையில் எஞ்சினியர். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் மருமகள் ரங்கநாயகிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமி போகாத கோயில் இல்லை. அப்படிப்பட்டவளின் சமையலறை ஜன்னலுக்கு மேலேயே அரசு வந்து முளைத்தால் அவள் என்ன நினைப்பாள்? தானாகத் தேடி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒருநாள் காலையில் ஏணி போட்டு ஏறி, கன்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். அதோடு அது செடி என்கிற நிலையைத் தாண்டிவிட்டது.

திங்கட்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வருகிற நாளில் அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். சந்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் சேதி போயிற்று. ஆனால் மரம் சுவரில் அல்லவா இருக்கிறது, அதை எப்படிச் சுற்றுவது? யோசித்துவிட்டு, கட்டடத்தையே சுற்ற ஆரம்பித்தார்கள். கிணற்றடி, மாமாவின் கொல்லை, என் வாசல், பாயின் சைக்கிள், மறுபடியும் கிணற்றடி. பாதிச் சுற்றில் மூச்சு வாங்கி என் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். அவர்கள் கணக்கில் என் வீடும் மரத்தில் சேர்த்தி, பாயின் வீடும் சேர்த்தி. "நம்ம வீட்டையும்ல சுத்துறாங்க" என்று ஹாஜிரா பீ மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார். "சுத்தட்டும், நல்லதுதானே" என்று பாய் சைக்கிளை உள்ளே நகர்த்தி வைத்தார்.

ஏணி ஏறித் தண்ணீர் ஊற்றுவது மாமிக்குக் கஷ்டமாக இருந்தது. தேவானையின் சமையலறை ஜன்னலிலிருந்து ஊற்றினால் நேராக வேரில் விழும். தினம் காலையில் பித்தளைச் சொம்போடு மாடி ஏறி வந்தாள்.

"தேவானை, உள்ள வரலாமா?"

"வாங்க மாமி. மூணு நிமிஷம். நான் ட்யூட்டிக்குப் போகணும்."

ஆக, ஒரு சுவரில் வளர்கிற மரத்துக்கு, அந்தச் சுவருக்கு உள்ளே நின்றுகொண்டு, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினோம். விசேஷ நாளில் பால். நாலு வீட்டிலும் படித்தவர்கள் இருந்தோம். மரம் நன்றாக வளர்ந்தது.

இரண்டாம் வருஷம் தேவானையின் சமையலறைச் சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அவள் கொத்தனார் வேலுவைக் கூப்பிட்டாள். வேலு கோடம்பாக்கத்துக்காரன், சந்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் அவன்தான். சுவரை உள்ளே பார்த்தான், வெளியே போய் மேலே பார்த்தான், மேஸ்திரிக் கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இன்னாக்கா, இத்த இம்மாம் பெருசா வளத்து வெச்சிக்கீறீங்க! மரம் கீற வரைக்கும் செவுத்துல பூசி பிரயோஜனம் இல்ல."

"அப்ப வெட்டிடு."

"நானா? அரசமரத்துல கை வெக்கமாட்டேன்க்கா. எனக்குப் புள்ள குட்டி கீது."

தி.நகரில் இருந்த எல்லாக் கொத்தனார்களுக்கும் பிள்ளை குட்டி இருந்தது. அசோக் நகரில் ஒருவனுக்கு இல்லை என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினோம். அவன், பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

கூட்டம் போட்டார்கள். நான் நாற்காலி போட்டேன். செலவு விஷயம் ஆச்சரியமாகச் சட்டென்று முடிந்துவிட்டது. நாலு வீடும் சமமாகப் போட்டுக்கொள்வது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்புறம்தான் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செலவுல என் பங்கைப் பேஷா குடுத்துடறேன். ஆனா மரத்தை வெட்டற பாவத்துல நேக்குப் பங்கு வேண்டாம். அதை இப்பவே சொல்லிடறேன்."

நல்லசிவம் அண்ணாச்சி கையை விரித்தார். "நான் இங்க இருக்கவே இல்லல்லா? பாவம் குடியிருக்கவங்களுக்குத்தான சேரும்?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். கரண்ட் பில்லும் தண்ணீர் வரியும் என் தலையில் இருந்ததால் பாவத்தையும் அதில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. பேச உரிமை இல்லாததால் நான் தலையை மட்டும் பலமாக ஆட்டி மறுத்தேன்.

பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாமலே, எல்லோரும் ஷாஹுல் ஹமீது பாயைப் பார்த்தார்கள். பாய் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கு அது மரம்தான். வெட்டினா எனக்குப் பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா நாளைக்குச் சந்துல என்ன சொல்லுவாங்க? நாலு வீட்டுக்காரங்க முடிவு பண்ணாங்கன்னு சொல்லுவாங்களா? பாய் வெட்டினான்னுதானே சொல்லுவாங்க? என்னால முடியாது சார்."

அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. அப்போதுதான் மாமி வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

"தேவானையே பண்ணிடட்டுமே. பாவம் போய்ச் சேரணும்னா கீழ ஒரு தலைமுறை வேணுமோல்லியோ? அவளுக்குத்தான் ஆரும் இல்லையே."

மாமி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குச் சரியாக வருகிறது என்கிற திருப்தியில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாஜிரா பீ மட்டும் "யா அல்லாஹ்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தேவானை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரோரம் சாத்தினாள். அது என் வேலை. அவள் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, மாமா உட்கார்ந்திருக்கும்போதே அவர் நாற்காலியை மடக்கியிருப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. தலைமுடிக் கோடு விரல் நுழைகிற அளவாயிற்று. அதில் முதலில் பல்லி வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. தேவானை பழம்புடவையைக் கிழித்து அடைத்தாள். ஸ்டவ்வைக் கூடத்துக்கு மாற்றினாள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து பாத்திரத்தில் விழுந்தது. மறுபடியும் வேலு வந்து சுவரோடு காதை வைத்துத் தட்டினான்.

"இன்னொரு மழ தாங்காதுக்கா. செவுரு வெளிய தள்ளிக்கினு போவுது. இந்த ரூம்ல படுக்காத."

அண்ணன் வேலூரிலிருந்து வந்து, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றார். சுவர் விழப்போகிற வீட்டை யார் வாங்குவார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த தேவானை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதுதான் கடையிலிருந்து வந்தேன்.

"ஜவஹர், எனக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றாள். "அம்மா போட்டுப் பாக்கணும்னு செஞ்சு வெச்ச நகை. அதை வித்து வாங்கின சுவரு. இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்கு அழுகை வந்தது. காப்பித்தூள் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது, அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கூட்டம் போட்டாள், அவள் சமையலறையில். நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் வெடிப்பைப் பார்த்தபடி நின்றோம். மழைச்சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"மரத்த யாரும் வெட்ட வேணாம்" என்றாள். "வேதாந்தம் மாமா, வெட்டினாத்தானே பாவம்? வேரோட எடுத்து வேற நல்ல எடத்துல நட்டா?"

"அது புண்ணியமாச்சே!" என்றார் மாமா. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"வேரு சுவத்துக்குள்ள போயிருக்கு. முழுசா வரணும்னா சுவத்த இடிக்கணும். என் சுவத்த இடிச்சா யாருக்காச்சும் பாவமா?"

யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை.

"அப்ப சுவத்த நான் இடிச்சுக்கறேன். மரம் வெளிய வரும்போது பிடிக்கறதுக்கு ஆளு வேணும்."

"அதுக்கென்ன, எல்லாருமாச் சேர்ந்து பிடிச்சுண்டாப் போச்சு" என்றார் மாமா.

"எல்லாரும்னு ஒரு பார்ட்டி கெடையாது மாமா. பேரு சொல்லணும்." தேவானை எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலுக்கு வந்துவிட்டாள். "வேதாந்தம் மாமா, அடிமரம். ஷாஹுல் ஹமீது பாய், கயிறு. நல்லசிவம் அண்ணாச்சி கீழ நின்னு கோணிய விரிச்சுப் பிடிக்கணும். ஜவஹர், ஏணி."

"நான் சொந்தக்காரன் இல்லையே" என்று எனக்கு வாய் வந்துவிட்டது.

"மழ பேஞ்சா நனையற ஆளுதானே நீங்க?"

அண்ணாச்சி ஆரம்பித்தார். "எம்மா, நான் இங்க இருக்கவே இல்லல்லா. தீபாவளி யாவார நேரம் வேற..." அவர் கடை, கடையின் கூட்டம், சரக்கு, மூத்த மகன் எதற்கும் லாயக்கில்லை என்பது வரைக்கும் சொன்னார். தேவானை குறுக்கிடாமல் கேட்டாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு கோணி எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

கடைசியாக அவள் மாமியின் பக்கம் திரும்பினாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மாமி சொம்போடு மேலே வந்திருக்கவில்லை.

"மாமி, தண்ணி. வேரு காயாம ஊத்திக்கிட்டே இருக்கணும். வேற யாருக்கும் அது சரியா வராது."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. லைன் கொடுக்கும்போது இருக்கிற முகம்தான் இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் வேலு சவுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்து சுவருக்கு மேலே இருந்த பாரத்துக்கு முட்டுக் கொடுத்தான். உளியை எடுத்துக்கொண்டு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "நான் செவுத்துல தான் கை வெக்கிறேன். நல்லாப் பாத்துக்க சாமி" என்றான். முதல் செங்கல்லைத் தேவானையே தட்டி எடுத்தாள். பிறகு அவன் எடுத்தான். செங்கல் போகப் போக வேர் தெரிந்தது, என் முழங்கைக் கனம். மேலே தேவானையின் பக்கம் மட்டும்தான் போயிருக்கிறது என்று நினைத்திருந்தோம். கீழேயும் இறங்கி, மாமாவின் சமையலறை ஜன்னலுக்கு மேலே குறுக்காக ஓடியிருந்தது. மாமா அதைப் பார்த்தார். அதற்கப்புறம் அடிமரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாமா ஏணியில் நின்று சமஸ்கிருதத்தில் மரத்திடம் மன்னிப்புக் கேட்டார். அது முடிந்ததும், புரிந்ததோ இல்லையோ என்று, "வேற எடம் பாத்து வெச்சிருக்கு, சௌக்கியமா இருக்கலாம்" என்று தமிழிலும் சொன்னார். பாய் மொட்டை மாடியிலிருந்து கயிற்றை மெல்ல மெல்ல விட்டார். மாமி ஜன்னலில் நின்று சொம்பு சொம்பாக ஊற்றினாள், பாதி மாமாவின் தலையில் விழுந்தது. கடைசி வேர் விட்டதும் மரம் ஒரு குலுக்கலோடு கீழே வந்தது. அண்ணாச்சி கோணியோடு அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. "விடலல்லா? கீழ விடலல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடவில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

பெரியமேட்டில் தோல் ஏற்றுகிற வண்டியில்தான் மரம் திருவான்மியூருக்குப் போயிற்று. வண்டியைப் பாய் கழுவிவிட்டாரா என்று மாமி கேட்டனுப்பினாள். கேட்பதற்கு முன்பே அவர் கழுவித்தான் கொண்டுவந்திருந்தார். கடலுக்குப் போகிற வழியில், பக்கத்தில் கட்டடம் ஏதும் இல்லாத ஒரு மேட்டில் நட்டோம். பக்கத்தில் கட்டடம் இல்லை என்பதை அண்ணாச்சி நாலாபக்கமும் நடந்து போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

சுவர் திறந்துகிடந்த நாட்களில் ஹாஜிரா பீ கொடுத்த ஜமக்காளம் ஒன்று அந்த ஓட்டையில் தொங்கியது. வேலு புதுச் சுவரை எழுப்பி, பூசி முடித்துவிட்டுப் போகும்போது, "ஒரு வாரத்துக்கு ரெண்டு பக்கமும் தண்ணி அடிச்சிக்கினே இரு. காஞ்சா மறுக்கா வெடிக்கும்" என்றான். இதற்குத் தேவானை யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ரொம்பக் களைத்துப் போயிருந்தாள். அவளுக்கு அந்த வாரம் பகல் ட்யூட்டி. காலையில் தானே நனைத்துவிட்டு, சாவியை ஹாஜிரா பீயிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்ஸில் பிலாயிலிருந்து வந்த ஒருவர் மாமா வீட்டுக்கு வந்து, ரங்கநாயகி உண்டாகியிருப்பதாகச் சொன்னார். மாமி நம்பவில்லை. மருமகள் வாயால் கேட்டால்தான் நம்புவேன் என்றாள். பாய் வீட்டுக்கு ஏறிப்போய் டிரங்க் கால் பதிவு செய்யச் சொன்னாள். டெலிபோனைப் பிடிக்கத் தெரியாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "பி.பி. போடுங்கோ. ரங்கநாயகின்னு பேரைச் சொல்லிப் போடுங்கோ" என்றாள்.

லைன் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாமி அதுவரை ஹாஜிரா பீயின் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் வந்ததே முதல் தடவை. தண்ணீர் வேண்டாம் என்றாள், காப்பி வேண்டாம் என்றாள். ஹாஜிரா பீ கொஞ்சம் யோசித்து ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். தோலுக்குள் இருப்பதற்குத் தோஷமில்லை என்று இருவருக்குமே தோன்றியது. சாப்பிட்டாள்.

மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"பிலாய் பி.பி. ரங்கநாயகி லைன்ல இருக்காங்க. பேசுங்க."

எனக்குத் தெரிந்த குரல். குரலில் எதுவும் இல்லை. மாமிக்குத் தெரியவில்லை, வாங்கி, "கேக்கறதா? ரங்கநாயகி, கேக்கறதா?" என்று பாதி நேரத்தைக் கத்தியே கழித்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னாள் அந்தப் பெண். மாமியின் வாய் கோணிற்று. இந்தப் பக்கம் மாமி அழுதாள், அந்தப் பக்கம் மருமகள் அழுதாள், நடுவில் கம்பி கரகரத்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டென்ஷன் வேணுமா?"

மாமி நிமிர்ந்தாள். "தேவானை! நீயாடி?"

ஆபரேட்டர் பார்ட்டியோடு சொந்தப் பேச்சுப் பேசக் கூடாது. கொஞ்சம் தாமதித்து அதே குரல் வந்தது.

"எக்ஸ்டென்ஷன் வேணுமா, சொல்லுங்க."

"வேணும்" என்றாள் மாமி. "வேணும்டி."

"பேசுங்க."

பேசி முடித்த பிறகும் மாமி எழுந்திருக்கவில்லை. எல்லாம் மரத்தைத் திருவான்மியூரில் சௌக்கியமாக வைத்த பலன் என்று சொல்வாள் என நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அந்தக் குழந்தை உண்டானபோது மரம் சுவரில்தான் இருந்தது, அதைச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். மாமி சொன்னது வேறு.

"அன்னிக்கு நான் அவளுக்கு ஆரும் இல்லைன்னு சொன்னேன், இல்லையா?" என்று ஹாஜிரா பீயிடம் கேட்டாள்.

"சொன்னீங்க மாமி" என்றார் ஹாஜிரா பீ. அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கூடியது.

மாலையில் தேவானை வந்தபோது அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஹாஜிரா பீ வாசலில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். மாமி அதே ஜன்னலில் அதே பித்தளைச் சொம்போடு, வெளிப்பக்கம் எட்டிச் சுவரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்பக்கம் முழுக்க நனைத்தாயிற்று. ஈரச் சுவரின் நடுவில் மஞ்சள் தடவி ஒரு குங்குமப் பொட்டு.

தேவானை கைப்பையை வைக்காமல் நின்று அந்தப் பொட்டைப் பார்த்தாள்.

மாமி திரும்பவில்லை. "காயப்படாதுன்னு வேலு சொன்னானாமே. வாரம் பூரா நானே பண்றேன். நீ பாட்டுக்கு ட்யூட்டிக்குப் போ" என்றாள். சொம்பை வாளியில் விட்டு எடுத்தாள். "தேவானை, நான் அன்னிக்கு..."

சொம்புத் தண்ணீர் தரையில் சிந்தியது. தேவானை பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

"ஊத்துங்க மாமி" என்றாள். "நான் காப்பி போடறேன். என் வீட்டுக் காப்பி குடிப்பீங்க இல்ல?"

மாமி குடித்தாள்.

அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் எது கெட்டாலும் ஒரு பெயரைச் சொல்லிவிடுவது வழக்கமாயிற்று. தண்ணீர்த் தொட்டி ஷாஹுல் ஹமீது பாய், சாக்கடை அண்ணாச்சி, மாடிப்படி விளக்கு நான். தை மாதம் வேலு வெள்ளையடிக்க வந்தான். தேவானையின் சமையலறையை முடித்துவிட்டுக் கூலி கேட்டு நின்றான். சுவர் முழுக்க வெள்ளை, நடுவில் தட்டளவுக்கு ஒரு வட்டம் மட்டும் பழைய சிமெண்ட்டும் அதில் மாமியின் பொட்டும் அப்படியே இருந்தன.

"இதை ஏன் விட்டுட்ட?" என்று கேட்டேன்.

"குங்குமத்து மேல சுண்ணாம்பு அடிக்கமாட்டேன் சார்" என்றான். "எனக்குப் புள்ள குட்டி கீது."

தேவானை அந்த வட்டத்தைப் பார்த்தாள். "எனக்கும் ஆள் இருக்கு. இருக்கட்டும் விடு" என்று சொல்லிக் கூலியைக் கொடுத்தாள்.